வேகத் தெய்வத்துக்குக் காணிக்கை

காலடிப்பேட்டை என்ற பெயரைக் கேட்ட மாத்திரத்தில், எந்த மகானுடைய திருவடியோ இந்த மண்ணில் பட்டிருக்க வேண்டும் என்று நேயர்கள் எண்ணக்கூடும். நாமும் இந்தப் பகுதிக்கு உபாத்தியாயராக வந்த புதிதில் அப்படித்தான் எண்ணினோம். விசாரித்துப் பார்த்ததில், அந்தக் காலடி ஒரு வெள்ளைக்காரருடைய பெயர் என்று தெரியவந்தது. 1717 முதல் 1720 வரையில் சென்னைப் பட்டணத்துக் கவர்னராக இருந்த ஜோஸப் காலட் என்பவர் நெசவாளர்களைக் குடியேற்றி உண்டாக்கிய பேட்டை இது. 'காலட் பேட்டை' தமிழர் நாவில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. கவர்னரை மறந்துவிட்டார்கள், காலடி நிலைத்துவிட்டது. 2021-ஆம் வருஷத்தில் திறந்த மெட்ரோ ரயில் நிலையத்தின் பலகையிலும் அந்தப் பெயரே விளங்குகிறது.

இக்காலத்தில் இங்கே நம் காதில் விழுவது தறிச் சத்தம் அன்று. மோட்டார் சைக்கிளின் சத்தம். அதைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தோம்.

சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, முன்பு நம்மிடம் படித்த ஒரு வாலிபன் முழங்கையில் கட்டுடன் நம் வீட்டு வாசலில் வந்து நின்றான். கையில் பழைய தினசரித் தாளில் சுற்றிய ஒரு பொருள் இருந்தது. பிரித்துக் காட்டினான். ஒரு பிஸ்டன்! பளபளவென்று இருக்க வேண்டிய அதன் பக்கத்தில், பூனை பிறாண்டியதுபோல் மேலிருந்து கீழாகக் கோடுகள். அலுமினியம் உருகி இழுபட்டு, ரிங்குகள் தத்தம் பள்ளங்களிலேயே ஒட்டிப் புதைந்திருந்தன.

"ஏன் ஸார் இப்படி ஆச்சு?" என்று கேட்டான்.

முழங்கையைப் பற்றி அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாம்தான் வற்புறுத்திக் கேட்டு முழு விருத்தாந்தத்தையும் அறிந்தோம்.

அவனுடைய தகப்பனார் காலமானபோது விட்டுப்போன சொத்து, ஒரு பழைய 350 ஸி.ஸி. புல்லட். பகலெல்லாம் ஒரு பட்டறையில் வேலை செய்துவிட்டு, இரவில் அந்த வண்டியைப் பிரிப்பதும் பூட்டுவதுமாக இருந்திருக்கிறான். அது மணிக்கு 110 கிலோமீட்டருக்கு மேல் போக மறுத்தது. போகவைத்தே தீருவது என்று, ஸிலிண்டர் ஹெட்டை லேத்தில் கொடுத்துத் தேய்த்துக் கம்ப்ரெஷனை ஏற்றினான். சைலன்ஸரையும் மாற்றினான். கார்புரேட்டரின் ஜெட்டை மட்டும் பழையபடியே விட்டுவிட்டான். பிறகு விடியற்காலை நாலரை மணிக்கு எண்ணூர் விரைவுச் சாலைக்குப் போய், ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரையில் திருகிப் பிடித்தான். ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை. யந்திரம் கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு நின்றது. அத்துடன் பின்சக்கரமும் நின்றது. வண்டி பாம்புபோல் நெளிந்தது. இடக்கை விரல்கள் தாமாகவே கிளட்சை இழுத்தபடியால், கீழே விழுந்தும் ஒரு முழங்கைக் காயத்துடன் பிழைத்தான். பின்னால் ஒரு கண்டெய்னர் லாரி வந்துகொண்டிருந்ததாம். அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரல் சற்று இறங்கியது.

கால் மணி நேரம் கழித்து உதைத்தபோது யந்திரம் மறுபடியும் சுழன்றதாம். ஆயினும் ஏறி ஓட்ட மனம் வராமல் வீடுவரைக்கும் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான்.

அவன் கேட்ட கேள்விக்குப் பதில் நம் பள்ளிக்கூடத்துப் பௌதிகத்திலேயே இருக்கிறது. ஸிலிண்டர் இரும்பு வார்ப்பு. அதற்குள் ஓடும் பிஸ்டன் அலுமினியக் கலவை. ஒரே அளவு சூடேறினால், அலுமினியம் இரும்பைப் போல் ஏறக்குறைய இரண்டு பங்கு விரிவடையும். இதற்காகவே இரண்டுக்கும் நடுவில் மயிரிழை போன்ற இடைவெளி வைத்து, அதில் எண்ணெய் நிற்கும்படி செய்திருக்கிறார்கள். கம்ப்ரெஷன் ஏறினால் சூடு ஏறும். சைலன்ஸர் தாராளமாக மூச்சு விட்டால், உள்ளே வரும் காற்றும் அதிகமாகும். ஜெட் மாறாததால் பெட்ரோல் மட்டும் அதற்கு ஈடாக வருவதில்லை. பெட்ரோல் குறைந்த கலவை முழு வேகத்தில் மிகவும் சூடாக எரியும். பிஸ்டன் பருத்து, எண்ணெயைப் பிதுக்கி வெளியே தள்ளி, இரும்பைக் கவ்விக்கொள்கிறது. இவ்வளவையும் மெக்கானிக்குகள் 'சீஸ் ஆகிவிட்டது' என்று இரண்டு வார்த்தையில் முடித்துவிடுவார்கள். சூடு ஆறினால் பிஸ்டன் சுருங்கிப் பிடியை விடும். அவன் உதைத்தபோது யந்திரம் சுழன்றது அதனால்தான்.

பிஸ்டன் படும் பாட்டையும் சற்றுக் கணக்கிட்டுக் காட்டினோம். 350 புல்லட்டின் ஸிலிண்டர் 70 மில்லிமீட்டர் அகலம். பிஸ்டனின் ஓட்டம் 90 மில்லிமீட்டர். நிமிஷத்துக்கு 5,000 சுற்றுச் சுற்றும்போது, அந்தப் பிஸ்டன் நிமிஷத்துக்குப் பதினாயிரம் முறை நின்று, திசை மாறி, மறுபடி புறப்பட வேண்டும். சராசரி வேகம் வினாடிக்கு 15 மீட்டர். மனிதன் செய்யும் உத்தியோகத்தில் இதற்குச் சமானமானது ஒன்றும் நமக்குத் தோன்றவில்லை.

பையன் திருப்தியாகப் போனான். மாலையில் அவனுடைய தாயார் வந்தார்.

"வாத்தியாரையா, நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். அந்த வண்டிய வித்துடச் சொல்லுங்க" என்றார்.

நாமும் 'சரி அம்மா' என்று சொல்லிவிட்டோம். சொல்லிவிட்ட பிறகுதான், அதைச் சொல்லும் யோக்கியதை நமக்கு உண்டா என்று யோசிக்கத் தொடங்கினோம். ஒருவன் கரிந்த பிஸ்டனை எடுத்துக்கொண்டு, 'ஏன்?' என்று கேட்டு வாத்தியார் வீட்டுக்கு வருகிறான். இருபது வருஷமாகப் பாடம் சொல்லும் நமக்கு அப்படி ஒரு கேள்வி வகுப்பறையில் வந்ததில்லை.

மறு ஞாயிறு அவனை வரவழைத்தோம். வண்டியை விற்றுவிடு என்று ஆரம்பிக்கப் போனவர்கள், எப்படியோ பர்ட் மன்றோவின் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.

நியூஸிலாந்து தேசத்தின் தென்கோடியில் இன்வர்கார்கில் என்று ஓர் ஊர். அதற்கு அருகில் 1899-இல் பிறந்தவர் மன்றோ. 1920-இல் அவர் ஓர் 'இண்டியன் ஸ்கௌட்' மோட்டார் சைக்கிள் வாங்கினார். இண்டியன் என்பது அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் பெயர். 2005-இல் இவருடைய சரித்திரத்தை 'உலகத்தின் அதிவேக இண்டியன்' என்ற பொருள்படும் பெயருடன் சினிமாவாக எடுத்தபோது, நம்மவர் எவரோ என்று எண்ணி ஏமாந்தவர்களில் நாமும் ஒருவர். வாங்கியபோது 600 ஸி.ஸி. கொண்ட அந்த வண்டியின் உச்ச வேகம் மணிக்கு 55 மைல். அதாவது 88 கிலோமீட்டர். அதே வண்டியை அவர் நாற்பத்தேழு வருஷம் விடாமல் திருத்தினார்.

மன்றோ எஞ்சினீயர் அல்லர். தொழிற்சாலையின் உதவியும் அவருக்கு இல்லை. மோட்டார் சைக்கிள் விற்பனையாளராக வேலை பார்த்துக்கொண்டு, ஒரு கொட்டகையில் வசித்து, மீதி நேரமெல்லாம் யந்திரத்தோடு கழித்த அமெச்சூர். பழைய பிஸ்டன்களை உருக்கித் தகர டப்பாவில் வார்த்துப் புதுப் பிஸ்டன் செய்துகொண்டார். பூமிக்கடியில் எரிவாயு கொண்டுபோகும் பழைய இரும்புக் குழாயைக் கடைந்து ஸிலிண்டர் செய்தார். டிராக்டரின் அச்சை அறுத்து ராவிக் கனெக்டிங் ராடு செய்தார். பக்கவாட்டில் வால்வு கொண்டிருந்த யந்திரத்தை, தலைமேல் வால்வு கொண்டதாகத் தாமே மாற்றினார். இப்படிச் செய்தவை எத்தனையோ முறை உடைந்தன, வளைந்தன, உருகின. உடைந்தவற்றை அவர் எறிந்துவிடவில்லை. கொட்டகையில் ஓர் அலமாரித் தட்டில் வரிசையாக அடுக்கி, 'வேகத் தெய்வத்துக்குக் காணிக்கைகள்' என்று அதன்மேல் எழுதிவைத்தார்.

இதைக் கேட்டதும் பையன் சிரித்துவிட்டான். நம் மேஜைமேல் இருந்த அவனுடைய பிஸ்டனை ஒரு பார்வை பார்த்தான்.

ஓட்டுவதற்கு மன்றோ போன இடம் அமெரிக்காவில் யூட்டா மாகாணத்திலுள்ள பான்வில் உப்புச் சமவெளி. குளிர்காலத்தில் நீர் தேங்கி, கோடையில் வற்றி, பலகைபோல் இறுகும் வெள்ளைத் தரை அது. 1949 முதல் அங்கே அமெச்சூர்கள் 'ஸ்பீட் வீக்' என்று ஒரு வாரம் கூடிப் பரீட்சை பார்க்கிறார்கள். ஒருவரை ஒருவர் முந்தும் பந்தயம் அன்று இது. ஒவ்வொருவராகப் புறப்பட்டு, அளந்து வைத்த மைலைக் கடிகாரத்துக்கு எதிராகக் கடக்க வேண்டும். உப்பு காயாத வருஷங்களில் ஓட்டமும் இல்லை. 2014, 2015 இரண்டு வருஷமும் ஸ்பீட் வீக் ரத்தாயிற்று.

ஒரே ஓட்டத்தில் சாதனை கணக்காகாது என்பது இங்கே கவனிக்க வேண்டிய விஷயம். சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனத்தின் விதிப்படி, போனவர் இரண்டு மணி நேரத்துக்குள் எதிர்த் திசையில் திரும்பி ஓட வேண்டும். இரண்டின் சராசரியே சாதனை. காற்று முதுகில் தள்ளிய உபகாரத்தை, திரும்பும்போது முகத்தில் மோதி வாங்கிக்கொண்டுவிடும் என்பது இதன் தாத்பரியம். ஆனால் யந்திரத்துக்கு இது பெரிய சோதனை. முதல் ஓட்டத்தில் பிஸ்டன் ஓட்டையாகாமல், செயின் அறாமல், கிளட்ச் வழுக்காமல் முடிந்தாலும், அதே யந்திரம் இன்னொரு முறை உயிரோடு திரும்ப வேண்டும். எத்தனையோ பேர் ஒரு வழியில் பிரமாதமாகப் போய், மறு வழிக்கு வண்டியைக் கயிறு கட்டி இழுத்துவந்திருக்கிறார்கள்.

வேறு தொந்தரவுகளும் உண்டு. அந்தச் சமவெளி கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 4,200 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெல்லியது. கடற்கரை ஊரில் சரியாக இருந்த ஜெட், அங்கே பெட்ரோலை அதிகமாகக் கொட்டும். யந்திரம் புகைந்து திணறும். அதைச் சரிக்கட்டச் சிறிய ஜெட் போட வேண்டும். அளவுக்கு மிஞ்சிச் சிறிதாகப் போட்டால் நம் பையனுக்கு நேர்ந்த கதிதான்! தவிர, உப்பின் மேல் பின்சக்கரம் வழுக்கிச் சுற்றுவதால், யந்திரம் காட்டும் சுற்று வேறு, வண்டி போகும் வேகம் வேறு.

மன்றோ 1962-இல், தமது அறுபத்து மூன்றாம் வயதில், மணிக்கு 178.97 மைல் ஓடினார். 1967-இல், அறுபத்தெட்டாம் வயதில், யந்திரத்தைச் சுமார் 950 ஸி.ஸி. வரையில் பெருக்கிக்கொண்டு வந்து, 183.586 மைல் சாதனை செய்ததாகப் பதிவாயிற்று. 1978-இல் காலமானார். அதோடு முடிந்ததென்று பார்த்தால், 2014-இல் அவருடைய குமாரர் பழைய சான்றிதழை எடுத்து எண்களைக் கூட்டிப் பார்த்தார். வடக்கே போன வேகம் 184.710, தெற்கே போன வேகம் 183.463. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் 183.586 எப்படி வரும்? 184.087 அல்லவா வரவேண்டும்! அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் கணக்குப் பிழையை ஒப்புக்கொண்டு, நாற்பத்தேழு வருஷத்துக்குப் பிறகு சாதனையைத் திருத்தினார்கள். மணிக்கு 296 கிலோமீட்டர். (சராசரியை வேகத்தைக் கொண்டு எடுப்பதைவிட, எடுத்துக்கொண்ட நேரத்தைக் கொண்டு எடுப்பதே சாஸ்திரோக்தம். அப்படிச் செய்தாலும் ஒரு மைலில் ஆயிரத்தில் இரண்டு பங்குதான் குறைகிறது. கணக்கு வாத்தியாரின் சுபாவம், நேயர்கள் மன்னிக்க.)

இவ்வளவும் கேட்ட பையன், "அப்போ நம்ம புல்லட் 220 போகணும்னா என்ன ஸார் பண்ணணும்?" என்றான்.

அவனையே கணக்குப் போடச் சொன்னோம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாக ஏறும். அதை வெல்ல வேண்டிய சக்தி வேகத்தின் கனமாக ஏறும். வேகம் இரட்டிப்பானால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். புல்லட்டுக்கு 18 குதிரைச் சக்தி. எட்டால் பெருக்கினால் 144. அந்தப் பழைய யந்திரத்திடம் 144 குதிரைச் சக்தி கேட்பது, தள்ளுவண்டிக்காரரிடம் ரயிலை இழுக்கச் சொல்வது போன்றது. ஆகையால்தான் மன்றோ, சக்தியைக் கூட்டியதோடு நில்லாமல், வண்டியைத் தலைமுதல் வால்வரை மீன்போல் ஒரு கூட்டுக்குள் அடைத்துக் காற்றை ஏமாற்றினார். பையன் தாளில் பெருக்கிப் பார்த்துவிட்டுச் சிறிது நேரம் பேசவில்லை.

அவனை ஒரேயடியாகச் சோர்ந்துபோக விடவும் நமக்கு மனமில்லை. ஆகவே நம் ஊர்ச் சமாசாரத்துக்கு வந்தோம். இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊர்க் கம்பெனியும், சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955-இல் என்பீல்டு இந்தியாவை ஸ்தாபித்தன. காலடிப்பேட்டைக்கு அண்டையிலேயே, திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. முதலில் சீமையிலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். 1962-க்குள் எல்லாப் பாகங்களையும் இங்கேயே செய்யக் கற்றுக்கொண்டார்கள். சீமையில் 1970-ஓடு அந்தத் தொழில் அணைந்துபோயிற்று. 1977-இல் திருவொற்றியூர்ப் புல்லட் சீமைக்கே ஏற்றுமதியாகத் தொடங்கியது. காலட் துரையின் பேட்டைக்காரர்கள் செய்த வண்டியை, காலட் துரையின் நாட்டார் காசு கொடுத்து வாங்கினார்கள் என்பதில் நமக்குச் சிறிது சந்தோஷம் உண்டு, அதை மறைப்பானேன்?

அந்தக் கம்பெனியின் பெயர் பான்வில் உப்பிலும் எழுதப்பட்டிருக்கிறது. 2018 ஆகஸ்டில், அமெரிக்காவின் எஸ் அண்டு எஸ் என்ற யந்திர நிபுணர்கள் போட்டிக்கென்று மாற்றியமைத்த காண்டினெண்டல் ஜி.டி. 650 வண்டியை, கேலா ரிவாஸ் என்ற பதினெட்டு வயதுப் பெண் மணிக்கு 157.053 மைல், அதாவது சுமார் 253 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டித் தன் வகுப்பில் சாதனை செய்தாள்.

"பதினெட்டு வயசா!" என்றான் பையன். அவனுக்கு இருபத்திரண்டு.

"வயதைப் பார்க்காதே அப்பா, தரையைப் பார்" என்றோம்.

உண்மையில் நாம் சொல்ல வேண்டியிருந்தது அது ஒன்றுதான். அந்தப் பெண் 253 கிலோமீட்டர் ஓடிய தரையில் எதிரே லாரி கிடையாது, பள்ளம் கிடையாது, சாலையைக் கடக்கும் கிழவி கிடையாது. வழுக்கி விழுந்தால் மோதுவதற்கு ஒரு கல்லும் கிடையாது. வைத்தியர் தயாராக நிற்கிறார். தலை முதல் கால்வரை தோல் உடுப்பு. புறப்படுமுன் வண்டியை ஒவ்வோர் ஆணியாகப் பார்த்து அனுமதி கொடுக்கிறார்கள். அங்கே பிஸ்டன் பிடித்தால் நஷ்டம் ஒரு பிஸ்டனோடு போகலாம். எண்ணூர்ச் சாலையில் பிடித்தால் ஒரு தாயார் நம் வீட்டுக்கு வந்து அழுவதற்குக்கூட விஷயம் மிஞ்சாது.

"எண்ணூரிலும் உப்பளம் இருக்கே ஸார்!" என்றான்.

இருக்கிறது. ஆனால் அது பாத்தி கட்டி உப்பு வாரும் பூமி. காலை வைத்தால் கணுக்கால் புதையும். பத்தடிக்கு ஒரு வரப்பு. தொழிலாளிகள் வெயிலில் நின்று உழைக்கும் அந்த இடத்தில் சைக்கிள்கூட ஓடாது. வேறு இடம் முன்பு இருந்தது. யுத்த காலத்தில் போட்ட சோழவரம் விமானத் தளத்து ஓடுபாதையில், 1953-இல் ஏற்பட்ட மதராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பார் பல வருஷங்கள் மோட்டார்ப் பந்தயம் நடத்தினார்கள். வடசென்னையின் பழைய மெக்கானிக்குகள் சோழவரம் என்று சொல்லும்போதே அவர்கள் முகம் மலர்வதை நாம் கண்டிருக்கிறோம். திருவொற்றியூரிலிருந்து வண்டியை ஓட்டிக்கொண்டே போய், பந்தயம் ஓடி, உடைந்தால் ஒரு மினி லாரியில் போட்டுக்கொண்டு இரவுக்குள் வீடு திரும்பலாம். 1990-இல் கிளப்பார் ஸ்ரீபெரும்புதூருக்கு அருகில் இருங்காட்டுக்கோட்டையில் தங்கள் சொந்தப் பந்தயப் பாதையைத் திறந்தார்கள். வளைந்து வளைந்து 3.7 கிலோமீட்டர் போகும் உயர்ந்த பாதை. கால் மைல், அதாவது 402 மீட்டர், நேரோட்டப் போட்டிகளும் அங்கே நடந்திருக்கின்றன. ஆனால் லைசென்ஸ், உடுப்பு, நுழைவுக் கட்டணம், வண்டியை ஏற்றிப் போகும் கூலி என்று பார்த்தால், பட்டறைச் சம்பளக்காரனுக்குச் சுலபமான காரியம் அன்று. பெரிய துறைமுகமும் பெரிய ஆலைகளும் இத்தனை நிலத்தை வளைத்துப் போட்டிருக்கும் வடசென்னையில், யந்திரம் தெரிந்த வாலிபர்களுக்கென்று மாதத்தில் ஒரு ஞாயிறு, வேலி போட்ட ஒரு மைல் நேர்ச்சாலை ஒதுக்க முடியாதா என்பது நம் கேள்வி. ஒதுக்காவிட்டால் அவர்கள் ஓட்டாமல் இருக்கப்போவதில்லை. விடியற்காலை நாலரை மணிக்கு ஓட்டுவார்கள்.

கடைசியில் பையனோடு ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். பொதுச்சாலையில் முழு வேகம் கூடவே கூடாது. ஹெட்டும் சைலன்ஸரும் பழையபடி மாற வேண்டும். ஒரு நோட்டுப் புத்தகம் போட்டு, எந்த ஜெட், எத்தனை கிலோமீட்டர், பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் என்ன நிறம் என்பதை அன்றன்று எழுத வேண்டும். பிளக் வெள்ளையாக வெளுத்தால் பெட்ரோல் போதவில்லை. கறுத்துக் கரி படிந்தால் அதிகம். இளம் பழுப்பு என்றால் சரி. இருங்காட்டுக்கோட்டைக்கு ஒரு முறை போய்வரும் செலவில் பாதியை நாம் கொடுப்பது. நம் சம்பளத்துக்கு இது சற்று அதிகப் பிரசங்கித்தனம் என்று வீட்டில் அபிப்பிராயம்.

தாயாருக்கு இது முழுத் திருப்தி அல்ல. வண்டியை விற்கச் சொல்லும்படி அனுப்பினால், வாத்தியார் நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுத்து அனுப்புகிறாரே என்று அக்கம்பக்கத்தில் சொல்லியிருக்கிறார். அவர் பக்கம் நியாயம் இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். சென்ற வாரம் கடைத்தெருவில் பார்த்தபோது, "ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டா எழுந்து உட்கார்ந்துக்குறேன் ஐயா" என்றார். நமக்கும் இப்போது அப்படித்தான் இருக்கிறது என்று அவரிடம் சொல்லவில்லை.

பிஸ்டன் நம் மேஜைமேல் விடைத்தாள்களுக்குப் பாரமாக இருக்கிறது. நோட்டுப் புத்தகத்தில் இதுவரை ஒரே ஒரு பக்கம் நிரம்பியிருக்கிறது. ஸிலிண்டரைக் கடைந்து பெரிதாக்கி அதற்கேற்ற பிஸ்டன் போட லேத்துக்குக் கொடுத்திருக்கிறான். வெள்ளிக்கிழமை தருவதாக லேத்துக்காரர் சொன்னாராம். எந்த வெள்ளிக்கிழமை என்று சொல்லவில்லையாம்.